ஒன்பது முதல் ஐந்து வரை

ஹஸ்கியா மாலமூட்டா என்று
சித்திரையில் ஆரம்பித்த பேச்சு
ஆனி பிறந்தும் முடியவில்லை.

அவருக்கு இரண்டும் பழக்கம்.
எட்மன்டனில் பதினோரு வருஷம்
பக்கத்து வீட்டில் ஒன்றும் எதிர்வீட்டில் ஒன்றும்
பனியில் புரண்டதைப் பார்த்தவர்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
பள்ளத்தூர்ச் சந்துகளில்
எச்சில் இலைக்குக் காத்திருக்கும் செவலைகள்.
அவற்றிடம் யாரும் இனம் கேட்டதில்லை.

"ஹஸ்கி ஓடிவிடும்" என்பார்.
கதவு ஒரு சாண் திறந்தால் போதும்,
கோனாபட்டுக்குப் போய்த்தான் திரும்பிப் பார்க்குமாம்.
"மாலமூட் ஓடாது. இழுக்கும்."
எதை என்றேன்.
எதைக் கட்டினாலும் என்றார்.
நம் வீட்டில் இழுக்க என்ன இருக்கிறது,
வீட்டுக்கடனைத் தவிர.

சிகப்பிக்கு நீலக்கண் வேண்டும்.
ஏழு வயதில் வேறென்ன வேண்டும்?
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
இரண்டு நாயும் வரைந்திருந்தாள்.
நீலம் அழுத்தி அழுத்தித் தீட்டியதில்
கண் இருந்த இடத்தில் ஓட்டை.

கூட்டுறவு வங்கியில் பதினான்கு வருஷம் இருப்பவள் நான்,
எதையும் இரண்டு பத்தியாகப் பிரித்துவிடுவேன்.
நாள் முழுக்க ஓடும் ஏசி. இரண்டு மாத பில்.
கோழி, மாலமூட்டுக்கு ஒன்றரைப் பங்கு.
முடி இரண்டுக்கும் கொட்டும்,
இட்லி மாவில், சாமி படத்தில், சிகப்பியின் சீருடையில்.
கூட்டிப் பார்த்தால்
வித்தியாசம் பதினைந்து பதினாறு கிலோ எடைதான்.

தேவகோட்டையில் ஒரு ஹஸ்கி இருப்பதாகச் சொன்னார்கள்.
நேரில் பார்த்து முடிவு செய்வோம் என்று போனோம்.
வீடு பூட்டியிருந்தது.
போன் போட்டால் சாத்தப்பன் சொல்கிறார்:
"இன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு,
ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் கிடையாது.
இன்வெர்ட்டர் ஏசியை இழுக்காது.
நாயைக் காரில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.
ரஸ்தா வரை போவது, திரும்புவது,
மறுபடி ரஸ்தா.
டீக்கடை முக்கில் நில்லுங்கள், காட்டுகிறேன்."

நின்றோம்.
கார் வந்தது. கண்ணாடி இறங்கவில்லை.
இறக்கினால் குளிர் போய்விடும் என்று
உள்ளிருந்தே கை காட்டினார்.
பின்சீட்டில் வெள்ளையும் சாம்பலுமாய் ஒரு முகம்,
கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி
நேராக உட்கார்ந்திருந்தது.
சிகப்பி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள்.
"அப்பச்சி, ஒரு கண்ணுதான் நீலம்."
கார் கிளம்பிவிட்டது.
ஈரமான கையை அவள்
பாவாடையில் துடைக்காமல் வீடுவரை கொண்டுவந்தாள்.

அன்று மத்தியானம்
அவர் ஃபிரிட்ஜைத் திறந்து
மோர் தேடினார்.
ஐந்து நிமிஷம் தேடினார்.
மோர் கண்ணெதிரே இருந்தது.
பங்குனியிலிருந்து அவர் கட்டிலில் படுப்பதில்லை.
சட்டையில்லாமல், ஹாலில், தரையில்,
ஒரு பக்கம் சூடேறினால் மறுபக்கம் புரண்டு,
வாய் லேசாகத் திறந்து.
தைக்கு வந்து இறங்கியவர்.
திரும்பப் போவதில்லை என்று
விசாவைக் கூடப் புதுப்பிக்காமல் வந்தவர்.
என் கணக்கில் அவருக்குப் பத்தி போடவில்லை.

இரவு சொன்னார்:
"மாலமூட் கொஞ்சம் தாங்குமாம்."
யார் சொன்னது என்று கேட்க வந்தேன்.
கேட்கவில்லை.
ஏசியை இருபத்தி நாலிலிருந்து
இருபத்தி இரண்டுக்கு வைத்துவிட்டு
போர்வையை நான் இழுத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூர்க்காரர் போன் செய்தார்.
இரண்டிலும் ஒவ்வொன்றுதான் மிச்சம்,
எதை எடுத்து வைக்க?
வியாழன் எங்கள் ஊரில் பராமரிப்பு நாள்,
அது கழியட்டும் என்றேன்.
அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

வியாழன் காலை எட்டே முக்கால்.
விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
அவர் கார் சாவியை எடுத்தார்.
எங்கே என்றேன்.

சும்மா, ரஸ்தா வரை.