வெறும் சட்டி

இராசமலர் அக்கா நேற்றுக் கூழ் கொடுத்துவிட்ட சட்டியைக்
கழுவி, துடைத்து,
மத்தியானமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.
அவ மூடியைத் திறந்து உள்ளே பார்த்தா.
பிறகு என்னைப் பார்த்தா.
“நல்லாக் கழுவியிருக்கிறாய், பிள்ளை.”
அவ்வளவுதான்.

கொக்குவில் ரயில் கேற் மூடியிருந்தது.
சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றபோதுதான் உறைத்தது.
மூன்று செமஸ்டர் போதுமாயிருந்திருக்கிறது.

கெம்னிட்ஸில் விடுதியின் நாலாம் மாடி.
ஏழு பேருக்கு ஒரு குசினி.
பிரிட்ஜின் தட்டுகளில் டேப் வெட்டி ஒட்டிய பெயர்கள்.
பாலில் பெயர். பட்டரில் பெயர்.
ஒரு முட்டையிலும் பென்சிலால்
யாரோ தன் முதலெழுத்தை எழுதியிருந்தான்.
படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.
“பாவம், ஆருமில்லாத பிள்ளையோ?” என்று கேட்டா.

‘அரை மூன்று’ என்றால் அவர்களுக்கு இரண்டரை மணி.
நான் மூன்றரைக்குப் போய்ப் பேராசிரியரின் கதவைத் தட்டினேன்.
ஞாயிற்றுக்கிழமை இஞ்சி இடித்ததற்குக்
கீழ்மாடிக்காரர் கடிதம் எழுதினார்.
வந்து கதைக்கவில்லை, எழுதினார்,
‘மதிப்புக்குரிய அயலவருக்கு’ என்று தொடங்கி.
அந்தக் கடிதத்தில்தான்
நாலு புதுச் சொற்கள் படித்தேன்.

நவம்பரில் வீப்கவுக்குக் காய்ச்சல்.
சோறும் பருப்பும் குழைத்து
என் வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன்.
நாலு நாளால் பெட்டி என் கதவடியில் இருந்தது.
வெறுமையாக.
மூடியில் ஒரு துண்டுத்தாள்: ‘மிக்க நன்றி, டிலக்ஸி.’
அன்றிரவு போனில் அம்மாவிடம் அழுதேன்.
ஒரு பிடி சீனி போடக்கூடாதா,
ஒரு பிஸ்கற், ஒரு அப்பிள் துண்டு,
என்ன சனமம்மா இது என்று.

இன்றைக்கு, கேற் மூடிய அந்த மூன்று நிமிடத்தில்,
வேறொன்றும் ஞாபகம் வந்தது.
பெட்டி வெள்ளையாகத்தான் திரும்பி வந்தது.
மஞ்சள் ஏறிய பிளாஸ்டிக் வெள்ளையாகாது.
எங்கள் வீட்டில் எல்லாப் பெட்டியும் செம்மஞ்சள்.
சோடா போட்டு ஊற வைத்திருப்பாளோ,
வெயிலில் காய வைத்திருப்பாளோ,
நவம்பரில், அந்த ஊரில், எந்த வெயிலில்?
நாலு நாளும் அதற்குத்தானோ?
கேட்கிற மொழி அப்போது என்னிடம் இல்லை.
இப்போது இருக்கிறது.
இப்போது கேட்டால், எந்தப் பெட்டி என்பாள்.

சட்டியின் அடியில் ‘இ.ம.’ என்று கீறியிருக்கும்.
தொண்ணூற்றைந்தில் சாவகச்சேரி வரை போய்
யாருடைய வீட்டிலோ இரண்டு வருசம் சோறு வடித்து,
அந்த இரண்டு எழுத்தைக் காட்டித்
திரும்பி வந்த சட்டி.
அங்கே பெயர் எழுதுவது ‘தொடாதே’ என்பதற்கு,
இங்கே பெயர் கீறுவது ‘போய் வா’ என்பதற்கு
என்று அம்மாவிடம் சொன்னேன்.
முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அம்மா
“வசனம் பேசாதை, இதைக் கொண்டுபோய்க் குடு” என்றா.

அம்மாவிடம் சொல்லாத ஒன்று:
அந்தக் குசினியில் என் தட்டிலும் பெயர் இருக்கிறது.
நானேதான் ஒட்டினேன்.
தமிழில்,
ஒருவராலும் வாசிக்க முடியாதபடி.

முருங்கையிலையைக் கண்டதும் அக்கா
“இதென்னத்துக்குப் பிள்ளை?” என்று இரண்டு கையாலும் வாங்கினா.
“கொஞ்சம் நில்லு.”
உள்ளே அகப்பை தட்டும் சத்தம்.
வேண்டாமக்கா, செவ்வாய்க்கிழமை பிளைட், என்கிறேன்.
அவவுக்குக் கேட்கவில்லை,
அல்லது கேட்டது.

சட்டி இப்போது எங்கள் வீட்டில்.