வலது தோள், நின்ற நிலை

வின்னிபெக்கில் எல்லாரும் அவன் எறிவதைப் பார்த்தார்கள்.
நான் பார்த்தது மறுநாள் காலை எட்டு மணிக்கு,
ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று.

டெல்வின் ரோபிஷோ. லூசியானாக்காரன்.
முதல் தடவை வந்தபோது கட்டைவிரலில் மயிரிழை விரிசல்,
காலில் கான்வாஸ் செருப்பு,
வெளியே மைனஸ் பதினெட்டு.
"இங்கே நான்காவது டவுன் கிடையாதாமே" என்றான்.
கிடையாது. மூன்றுக்குள் பத்து கெஜம் நகர வேண்டும்,
இல்லையென்றால் பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டு
ஓரமாய்ப் போய் உட்கார வேண்டும்.
என் உரிமத் தேர்வுக்கும் மூன்றே தடவைதான்.
மூன்றாவதில் தேறினேன்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

பிறகு பதினேழு வருஷமும் படம் படமாக வந்தது.
விலா எலும்பு, நான்கும் ஏழும்.
ரெஜைனாக்காரன் ஒருவன்
நூற்றிருபது கிலோவோடு மேலே விழுந்த காறையெலும்பு;
அதில் ஒரு தகடு, ஆறு திருகாணி.
இரண்டு வருஷம் கழித்து எண்ணினால் ஐந்து.
"மைதானத்தில் தேடச் சொல்கிறேன்" என்றான்,
சிரித்தால் விலா வலிக்கும் என்று சிரிக்காமல்.

சாதனையையும் நாம் முறிப்பதாகத்தான் சொல்கிறோம்,
எலும்பைப் போல.
அது முறிந்த இரவு எனக்கு வேலை. எங்கள் பகுதிக்கு ஜன்னல் இல்லை.
வாணம் வெடித்தது தரை வழியாகத்தான் தெரிந்தது.
பக்கவாட்டில் எட்டு கெஜம், சாதாரண எறிதலாம்,
பிடித்தவனுக்கே புரியவில்லையாம்.
மொத்தம் எண்பத்திரண்டாயிரம்.
உறையின் பின்புறம் கணக்குப் போட்டேன்:
எழுபத்தைந்து கிலோமீட்டர்.
இங்கிருந்து மேற்கே எறிந்துகொண்டே போனால்
போர்ட்டேஜ் லா பிரெரிக்கு இன்னும் பத்து பாக்கி.
ஏதோ கனோலா வயலில் விழுந்து கிடக்கிறது பந்து.

இந்த மார்ச்சில் வந்தான்.
கூட அணி மருத்துவர் இல்லை,
கையில் மாகாண மருத்துவ அட்டை, டோக்கன் நாற்பத்தாறு.
வலது கை காதுக்கு மேலே போகவில்லை.
"மூச்சை அடக்குங்கள்."
அடக்கினான்.
"விடுங்கள்."
விடக் கொஞ்சம் நேரமெடுத்தான்.

சட்டை மாட்டிக்கொண்டு, காகித அங்கியைச் சுருட்டி,
மூலையில் இருந்த கூடைக்கு எறிந்தான், இடது கையால்.
சுவரில் பட்டு விழுந்தது.
"இன்கம்ப்ளீட்" என்றான்.
போய் எடுத்து வந்து அதே இடத்தில் நின்றான்.
மறுபடியும் சுவர்.

வெளியே நாற்பத்தேழு காத்திருக்கிறது.
கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.
இன்னும் ஒன்று இருக்கிறதே.