இரண்டு மணிக்குத் தட்டிய கதவு

பழைய கொம்பனியோடு கணக்கு முடிந்தது தையில்.
கேக் வெட்டினோம். புதிய கொம்பனிக்காரர்
ஆளுக்கொரு பச்சைப் பேனா தந்தார்கள்.

இப்போது ஆவணி.
திருகோணமலை, துறைமுக வீதிக் கிட்டங்கியின் மேல்மாடி.
ஏழு சேர்வர்கள், இரைகிற ஏசி,
நானும் கிண்ணியா முர்ஷித்தும்.

பதிவுகளைத் திறந்தேன்.
இரவு இரண்டு மணிக்கு
ஏழும் எழுந்துபோய்
ஆள் விட்டுப்போன வீட்டின் கதவைத் தட்டியிருக்கின்றன.
உள்ளிருந்து குரல் இல்லை.
'புதிதாக ஒன்றுமில்லை' என்று எழுதிவைத்துவிட்டுத்
திரும்பிப் படுத்திருக்கின்றன
இருநூற்றுப் பதினொரு இரவும்.

அந்த வரிக்குத்தான்
மாதாமாதம் நான் சரி போட்டு
கொழும்புக்கு அனுப்பினேன்,
பச்சைப் பேனாவால்.

முர்ஷித் ஏசவில்லை.
"சைக்கிள் டியூப் எண்டா
காத்துப் போறது கேக்கும் மிஸ்.
இது கேக்காது."

முகவரியை மாற்றினோம். புதுத் திறப்பை ஏற்றினோம்.
முதலாவதற்கு மட்டும் நூற்றெண்பத்தாறு ஒட்டுகள்
இறங்கின, இறங்கின,
கப்பல் வந்த நாள்போல.

பிறகு றீஸ்டார்ட்.
திரை கறுத்தது.
நாலு நிமிடம்
கோணேசரையும் நான் நம்பவில்லை.
கீழே, வாசலில் எறிந்த மட்டைப்பெட்டியை
மான் ஒன்று கிழித்துத் தின்கிற சத்தம்.

எழுந்தது.

இரண்டு, மூன்று, நாலு.
ஐந்தாவது எழவில்லை.
அதில்தான் எல்லாருடைய சம்பளமும்.
ஆறும் ஏழும்
ஒன்றும் நடவாததுபோல் எழுந்தன.

விடிய அறிக்கை எழுத உட்கார்ந்தோம்.
ஆறுக்குச் சரி.
ஐந்துக்கு நேரே என்ன எழுதலாமென்று
மூதூர் லோஞ்ச் போகும்வரை யோசித்தோம்.
பேனா மூடியைத் திறக்கவில்லை.