தாக்

கானாடுகாத்தான் விடுதியில்
காலைப் பலகாரம் என் பொறுப்பு.
போலந்துக்காரம்மா "தாக்" என்றால் ஆமாம்.
தெரியாமல் முதல் நாள் தட்டை எடுத்துவிட்டேன்,
பாதிக் கந்தரப்பத்தோடு.
டென்மார்க்கில் அது நன்றி.
நெதர்லாந்துக்காரருக்கு மரக்கிளை;
வளவில் முறிந்து கிடந்த
வேப்பங்கொப்பைக் காட்டிச் சொன்னார்.

ஒரு வயிற்றுப் பிள்ளைகளா என்றேன்.
இல்லையாம்.
நன்றி, நினைப்பதிலிருந்து வந்ததாம்.
இன்னொன்று மூடுவதிலிருந்து.
அது எது என்று கேட்பதற்குள்
இட்லி வெந்துவிட்டது.

ஐப்பசி மழையில் ஒருநாள்
நார்வேக்காரர் ஸ்வெர்ரே
நாற்காலியைத் தள்ளி எழுந்து
"தாக்! தாக்!" என்றார்.
இருக்கட்டும் சார் என்று
இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினேன்.
பர்மாத் தேக்கின் இடுக்கிலிருந்து
ஒரு சொட்டு அவர் வழுக்கையில்,
அடுத்தது சாம்பாரில்.
அவர் ஊரில் அது கூரை.

போன வாரம்
விருந்தினர் ஏட்டில் யாரோ
அந்த மூன்றெழுத்தை மட்டும் எழுதி
ஊர்ப்பெயர் போடாமல் போயிருக்கிறார்கள்.
நன்றி என்று படித்து
முதலாளிக்கு ஒரே பூரிப்பு.
நான்
ஏணி எடுத்துவரச் சொல்லி
அடைக்கலத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.