மதம் என்ற கட்டம்

கார்ன்வால், நவம்பர் மழை.
லியாண்டர் ஸ்கோபெல், வயது எழுபத்தொன்று, காசநோய்.
இன்னும் ஒரு கட்டம் பாக்கி.

"சாத்தான் என்றே எழுதும்" என்கிறார் பாதிரியார் ட்ரெகீர்.
முப்பது வருடமாகப் பத்திரிகைகளும் அதையே எழுதின.
அவரும் மறுத்ததில்லை;
புத்தகம் விற்றது.

வீட்டுக்காரி லவ்டே குடையை உதறுகிறாள்,
என் மேசையெல்லாம் ஈரம்:
"சாத்தானைக் கும்பிடவும்
எதிரே ஒரு கடவுள் வேண்டாமா, ஐயா?
இவர் அறையில் இருந்தது
ஒரு நிலைக்கண்ணாடிதான்.
அதற்கு மெழுகுவத்தி, அதற்குச் சாம்பிராணி,
விடிய விடிய முணுமுணுப்பு.
பதினோரு வார வாடகை நிற்கிறது.

போன செவ்வாய்க்கிழமை
அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார்.
திருப்பினேன்.
ஏனென்று கேட்கவில்லை."

பாதிரியார் கடிகாரம் பார்க்கிறார்.
கட்டத்தில் ஒரு கோடு இழுக்கிறேன்.
மை ஊறிக்
கொஞ்சம் கோணலாகிவிட்டது.