மைலோ டின்

கேட்டுக்கும் தபால் பெட்டிக்கும் நடுவே
அவள் வலை கட்டியது தைப்பூச விடுமுறையில்.
எட்டுக் கால்களை இரண்டிரண்டாய்ச் சேர்த்து
நடுவில் பெருக்கல் குறியாக உட்கார்ந்திருப்பாள்,
பள்ளி நோட்டில் டீச்சர் போட்ட தப்பு மாதிரி.
இடது கதவை அன்றோடு பூட்டிவிட்டேன்.
வலது கதவைத் திறந்து, பையை வயிற்றோடு அணைத்து,
குனிந்து உள்ளே வருவேன் காலை ஏழரைக்கு.
தேவேந்திரன் உயரம்.
இரண்டு முறை முகத்தில் வாங்கிக்கொண்டு
மூன்றாம் முறை அவனும் குனிந்தான்.

சுங்கை டுவாவில் இந்த வரிசை வீட்டுக்கு
வாடகை கொடுப்பது நாங்கள் இருவர் மட்டும்.
சமையலறை மூலையில் நூல்கால்கள் நாலைந்து,
விளக்குமாறு நெருங்கினால்
நடுநடுங்கி மங்கலாகிவிடும்.
மோட்டார் சைக்கிள் கண்ணாடியில்
தன்னையே முறைத்துப் பார்க்கும் ஒரு குட்டிக் குதிப்பான்.
குளியலறை வாளிக்குப் பின்னால்
என் உள்ளங்கை அகலத்தில் ஒருத்தி;
கரப்பான் பூச்சியை நாங்கள் கண்டு மாதங்களாயிற்று.

பாயான் லெப்பாஸில் என் வேலையும் நூல்தான்.
தலைமுடியில் கால் பங்குத் தங்கக் கம்பியை
இயந்திரம் தைக்கும்.
மைக்ரோஸ்கோப்பில் நான் அறுந்ததைத் தேடுவேன்,
இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை.
கேட்டுக்காரி அறுந்ததைத் தின்றுவிட்டு
விடியுமுன் புதிதாய்க் கட்டிவிடுவாள்.
எங்களுக்கு அறிக்கை எழுத வேண்டும்.

மார்ச்சில் மிஸ்டர் ஊய் மகனுக்கு டெங்கி.
மாலை ஆறுக்குப் புகை அடிப்போம்,
கதவு ஜன்னல் திறந்து வையுங்கள் என்று
தபால் பெட்டியில் துண்டுத்தாள்.
ஊய் பறவைக் கூண்டைக் காரில் ஏற்றினார்.
மக்சிக் ரொஸ்னா பூனையைத் துண்டில் சுற்றினாள்.
நான் மீன் தொட்டியை மூடிவிட்டு
முகம் கழுவப் போனேன்.

வாளிக்குப் பின்னால் இருந்தவள்
வயிற்றடியில் எதையோ பிடித்திருந்தாள்.
இருபது சென் காசு அளவு, வெள்ளை, தட்டை.
முட்டை.

தெருமுனையில் புகைக் குழாய் உறுமத் தொடங்கியது.
மைலோ டின்னைக் கவிழ்த்தேன்,
காலண்டர் அட்டையை அடியில் சொருகினேன்,
மூடியில் ஆணியால் நாலு ஓட்டை.
கேட்டுக்காரியை என்ன செய்வது?
அவள் வீட்டை எந்த டின்னில் அடைப்பது?
ஆறு பத்துக்கு ஃபேக்டரி பஸ்.
வெள்ளைப் புகை கேட்டைத் தொடும்போது
நான் பஸ் படியில் இருந்தேன்.
"என்னக்கா டின்னுல?" என்றாள் புஷ்பலீலா.
"முறுக்கு" என்றேன்.
கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ.

ஒரு தூசிக்கும் அனுமதியில்லாத கட்டடம் அது.
தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை,
காற்றால் அடித்துத் துடைத்துத்தான் உள்ளே விடுவார்கள்.
இருநூற்றுப் பதினான்காம் லாக்கரில்
எட்டுக் கண்ணோடு ஒருத்தி இரவுப் பணி பார்த்தாள்.
ஒரு மணி இடைவேளையில் மூடியைச் சற்றே நகர்த்தினேன்.
காசைக் கெட்டியாய்ப் பிடித்திருந்தாள்.
சூப்பர்வைசர் யோ கடந்து போனார்.
கொட்டாவி விட்டுக் காட்டினேன்.

காலையில் தெருவெங்கும் டீசல் வாடை.
கேட்டில் வலை அப்படியே இருந்தது,
நடுவில் குறி இல்லை.
கீழே தேடினேன், சாக்கடை ஓரம்கூட.
எறும்புகளுக்கு என்னைவிட முன்பே தெரிந்திருக்கும்.
குனிந்துதான் உள்ளே போனேன்.

குளியலறையில் டின்னைப் படுக்கவைத்தேன்.
அவள் வெளியே வரவில்லை.
தூங்கி எழுந்தபோது இரண்டு மணி, டின் காலி.

வலையை மழை கொண்டுபோய்விட்டது.
இடது கதவை இன்னும் திறக்கவில்லை.

நேற்று ஞாயிறு. குளியலறையிலிருந்து
தேவேந்திரன் குரல்:
"யோகா! ஒருத்தியைத்தானே கூட்டிட்டுப் போனே?
இங்க சுவர் முழுக்க..."
பிறகு தண்ணீர் சத்தம் நின்றது.
ஒரு காலால் வாளியை
மெல்ல, மிக மெல்ல,
நகர்த்தும் சத்தம்.