நாலாயிரம் மீட்டர் உயரத்தில்

கெச்சுவா மொழியில் ஒரே ஒரு கேள்வி தெரியும் எனக்கு:
"மைப்பி நனசுங்க்கி?" எங்கே வலிக்கிறது?
பெர்கனிலிருந்து வரும்போது
விமானத்திலேயே மனப்பாடம் செய்தது.
பதில்களைப் படிக்க நேரமில்லை.

பொட்டோசியில் பயிற்சியின் மூன்றாம் நாள்.
வரிசையில் ஆறாவதாக டோன்யா சதுர்னினா
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.
கேட்டேன்.
சொல்லத் தொடங்கினார், நிறுத்தவில்லை.
முழங்காலைத் தொட்டார், பிறகு
ஜன்னலுக்கு வெளியே சுரங்க மலையைக் காட்டினார்,
இரண்டு விரல்களை நீட்டினார், மடக்கினார்,
மறுபடி முழங்கால்.

படிவத்தில் எழுதினேன்: முழங்கால், இடது.

எழுந்தபோது தலை சுற்றியது.
இந்த ஊர்க் காற்றில் பாதிதான் காற்று.
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
ஆக்சிஜன் பார்க்கும் விரல்கவ்வியைப் பிடுங்கி
என் விரலிலேயே மாட்டிவிட்டார்:
எண்பத்தொன்று.
தன் விரலில்: எண்பத்தொன்பது.
வரிசை முழுக்கச் சிரிப்பு.

பிறகு என் ஒரே கேள்வியை
என்னிடமே கேட்டார்,
உச்சரிப்பைத் திருத்தி.

சொல்ல மொழியில்லை. நானும்
ஜன்னலைத்தான் காட்டினேன்.
கடல் அந்தப் பக்கமா என்றுகூடத் தெரியாது.

சதுர்னினா தலையாட்டினார்.
கீழே கிடந்த பேனாவை எடுத்து
என்னிடம் நீட்டினார்:
எழுது.